கடைசிப் பெட்டி

புதுசில் மழை அதிகம்.
பழைய படத்தில் ஒரே ஒரு மழைதான்,
அதுவும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம்.
தொலைக்காட்சியில் எட்டு வாரமாக நனைகிறார்கள்.
இன்ஸ்பெக்டர் நனைகிறார், அவருடைய விவாகரத்து நனைகிறது,
கொலைகாரனின் பிள்ளைப் பருவம்
ஒரு முழுப் பகுதிக்கு ஊறிக்கொண்டே கிடந்தது.
படத்தில் அவனுக்குப் பிள்ளைப் பருவமே கிடையாது.
கதவைத் திறந்து வந்தான், தொப்பியை ஆணியில் மாட்டினான்,
அவ்வளவுதான் அவன் பூர்வீகம்.

எய்லிஃப் சோபாவில். நான் நாற்காலியில்.
நடுவில் காப்பிக் குடுவை.
வெளியே வார்டோ.
சூரியன் தலைகாட்டி மூன்று வாரமாகிறது.

எழுபத்தொன்பது ஜனவரியில் அந்தப் படம் இங்கே வந்தது.
காற்றுக்குப் பயந்து கரைக்கப்பல்
பாதிச் சரக்கோடு கிளம்பிவிட்டது.
ஆறு பெட்டியில் இறங்கியது ஐந்து.
செத்தவளின் தங்கை காவல் நிலையப் படியேறுகிறாள்,
திரை வெள்ளை.
இருநூறு பேர், ஒருவரும் எழுந்திருக்கவில்லை.
மேலே சின்னச் சதுர ஓட்டையில் முகம் வைத்து
"இவ்வளவுதான் இருக்கு" என்றான் எய்லிஃப்.
அப்போது அவன் எனக்கு யாருமில்லை,
மூக்கு நீண்ட ஆப்பரேட்டர்.

மறுநாள் காலை மீன் ஆலையில் விசாரணை.
காட் மீன் வரிசை கட்டி வருகிறது,
பன்னிரண்டு பெண்கள், பன்னிரண்டு கத்தி.
குன்வோர்தான் ஆரம்பித்தாள்:
அவன் இல்லை.
கத்தியைப் பிடித்த லட்சணத்தைப் பார்த்தீர்களா,
மூன்று விரலால்,
கடிதம் எழுதப் போகிறவன் மாதிரி.
அந்தக் கை வெண்ணெயைக்கூட வெட்டாது.

மீன் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது.
பிறகு எல்லோரும் அவரவர் கையைப் பார்த்துக்கொண்டோம்.

அதோடு தீர்ப்பு. கொன்றவள் தங்கை.
படகுக்காரர்கள் மறுத்தார்கள்,
அவர்களுக்கு வலை தெரியும், கத்தி தெரியாது.
ஒரு நிச்சயதார்த்தம் இதனால் நின்றது என்பார்கள்,
எனக்குத் தெரிந்து அதற்கு வேறு காரணம்.

எட்டு நாள் கழித்துப் பெட்டி வந்தது,
சாயங்காலக் கப்பலில் திரும்ப வேண்டும்.
அன்றைக்கென்று படகெல்லாம் நிறைந்து வந்ததில்
ஆலையில் இரட்டை ஷிப்ட்.
காலி அரங்கில் எய்லிஃப் அதை ஓட்டினான்,
தன் ஒருத்தனுக்காக.

"யாரு?" என்று ஊரே கேட்டது.
"வந்து பார்த்திருக்கணும்."
கல்யாணத்துக்கு முன்னால் நான் கேட்டேன், அப்புறமும் கேட்டேன்.
குறுந்தகடு வந்தபோது வாங்கவில்லை.
கடையில் விலை பார்த்தேன், வைத்துவிட்டேன்.

புதுசில் பிடி சரி.
எந்த ஆலைக்காரியையோ அழைத்து வந்து
கற்றுக்கொடுத்திருக்கிறார்கள்.
உள்ளங்கை நிறையக் கைப்பிடி, மணிக்கட்டு நேர்.
குற்றம் சொல்ல ஒன்றுமில்லை,
அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.
அந்த நடிகருக்கு ஒன்று தெரியாமல் போனதால்
எங்களுக்கு ஒரு குளிர்காலம் கிடைத்தது.
இவர்கள் எல்லாம் விசாரித்துத் தெரிந்துகொண்டவர்கள்,
நாம் நுழைய ஒரு சந்துகூட விடவில்லை.

எட்டாவது பகுதியில் நான் திரையைப் பார்க்கவில்லை.
அவன் முகத்தைப் பார்த்தேன்.
காதோரம் நரைத்த முடி, நீல வெளிச்சம்,
ஒருமுறை புருவம் ஏறி இறங்கியது.
யாரோ அழுதார்கள். மழை நின்றது.
பெயர்கள் ஓட ஆரம்பித்தன.

"இது வேற முடிவு" என்றான்.

"எப்படி வேற?"

"பனி கதவை அடைச்சிரும்" என்று
மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

சமையலறைத் தொட்டியில் நாளைக்கு வைத்த காட் இருந்தது.
வெளியே சரக், சரக்.
கத்தியை எடுத்தேன்.
நாற்பத்தாறு வருஷத்தில் முதல்முறையாக
மூன்று விரலால்,
கடிதம் எழுதப் போகிறவள் மாதிரிப் பிடித்துப் பார்த்தேன்.

முள்வரைக்கும் இறங்கியது.